ஃபார்முலா ஒன் டிக்கெட்டில் ராக் கச்சேரி: எந்த ஊர், எந்த நாள், எங்கே நிற்பது?

கேள்வி இதுதான்: "சிங்கப்பூர் கிராண்ட் பிரீ பார்க்க நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். எனக்குக் கார் பந்தயத்தில் பெரிய ஈடுபாடு இல்லை. அங்கே பெரிய ராக் குழுக்கள் வருவதால்தான் யோசிக்கிறேன். கச்சேரிக்காக மட்டும் அவ்வளவு செலவு செய்யலாமா? எந்த டிக்கெட் எடுக்க வேண்டும்?"

செய்யலாம். ஆனால் உங்கள் நண்பர்கள் எடுக்கும் டிக்கெட்டையே நீங்களும் எடுத்தால் காசு வீண். அவர்கள் வளைவுக்கு எதிரே நல்ல இருக்கை தேடுவார்கள். உங்களுக்கு இருக்கையே வேண்டாம், மேடை இருக்கும் பகுதிக்குள் நுழைய அனுமதி இருந்தால் போதும். மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

சிங்கப்பூர் கிராண்ட் பிரீ என்பது அங்கே நடக்கும் ஃபார்முலா ஒன் (எஃப்1) பந்தயம். கச்சேரிக்கு அங்கே தனி டிக்கெட் விற்பதில்லை. ரேஸ் டிக்கெட்டுக்குள்ளேயே கச்சேரியும் அடக்கம். முன்பு இப்படி மட்டும் இருந்ததில்லை. 2009-இல் ஃபோர்ட் கேனிங் பூங்காவில் 'எஃப்1 ராக்ஸ்' என்று தனியாக ஒரு நிகழ்ச்சி நடந்தது; பியான்ஸே, பிளாக் ஐட் பீஸ், நோ டவுட், இஸட் இஸட் டாப், சிம்பிள் மைண்ட்ஸ் எல்லாம் வந்தார்கள். பிறகு பெரிய பெயர்கள் எல்லாம் சர்க்யூட்டுக்கு உள்ளேயே வந்துவிட்டன. அமைப்பாளர் பக்கம் இதற்கு நல்ல காரணம் உண்டு. பந்தயம் ஞாயிறு இரவு ஒன்றே முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். மூன்று நாள் டிக்கெட்டை அதைக் காட்டி மட்டும் விற்க முடியாது. அப்புறம், பந்தயம் முடிந்ததும் மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் ரயில் நிலையத்துக்கு ஓடாமல் பாதிப் பேரையாவது கச்சேரி பிடித்து நிறுத்துகிறது. 2022-இல் மூன்று நாளும் சேர்த்து 3,02,000 பேர் வந்ததாகக் கணக்கு. நகரத்தின் நடுத்தெருவில் நடக்கும் ஒரு பந்தயத்துக்கு அது சாதாரணக் கூட்டமில்லை.

இப்போது மண்டலம். மரினா பே சர்க்யூட் தெருக்களில் போடப்படும் ஓடுதளம். 2023 முதல் ஒரு சுற்று சுமார் 4.9 கிலோமீட்டர், பந்தயத்துக்கு 62 சுற்று. அந்த வளையத்துக்கு உள்ளும் புறமும் இருக்கும் இடத்தை நான்கு மண்டலங்களாக, அவர்கள் சொல்வதில் 'ஜோன்'களாக, பிரித்திருக்கிறார்கள். கார்களுக்கு டயர் மாற்றும் பிட், அணிகள் தங்கும் பேடாக், வெற்றி மேடை எல்லாம் ஜோன் 1-இல். முக்கியக் கச்சேரி மேடை இருப்பது ஜோன் 4-இல், பாடாங் திடலில். டிக்கெட்டுகளிலேயே விலை குறைந்தது ஜோன் 4 வாக்கபவுட்தான், அதாவது இருக்கை இல்லாமல் அந்த மண்டலத்துக்குள் எங்கு வேண்டுமானாலும் நின்று பார்க்கும் சீட்டு. கச்சேரிதான் குறி என்றால் உங்களுக்கு அது தாராளமாகப் போதும். பிரீமியர் வாக்கபவுட் எடுத்தால் நான்கு மண்டலமும் திறந்திருக்கும், விலையும் நன்றாக ஏறும். அதற்கு ஒரே நியாயம் ஜோன் 1-இல் இருக்கும் சிறிய மேடைகள். வில்லேஜ் ஸ்டேஜ், வார்ஃப் ஸ்டேஜ் போன்ற இடங்களில் எண்பது, தொண்ணூறுகளின் குழுக்கள் வாசிப்பார்கள். கூட்டம் குறைவு, பாடகரின் முகத்தைத் திரையில் பார்க்காமல் நேரிலேயே பார்க்கலாம். பழைய பிரிட்டிஷ் பேண்டுகள் மேல் பித்து உள்ளவராக இருந்தால் கூடுதல் காசுக்குப் பலன் உண்டு. இல்லையென்றால் வேண்டாம். ஜோன் 1-இலிருந்து பாடாங்குக்கு அந்தக் கூட்டத்தில் நடக்கவே இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும், மேம்பாலப் படிகளில் நெரிசல் வேறு.

பாடாங் என்பது சிட்டி ஹாலுக்கும் பழைய உச்ச நீதிமன்றத்துக்கும் எதிரே விரிந்திருக்கும் புல்திடல். அந்த இரண்டு கட்டடங்களும் இன்று சிங்கப்பூர் நேஷனல் கேலரி என்ற கலைக்கூடம். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பை ஏற்று 'டெல்லி சலோ' என்று முழங்கியது இதே திடலில்தான். அந்தப் படையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் நிறையப் பேர். 2022-இல் திடலைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். ஓடுதளம் செயின்ட் ஆண்ட்ரூஸ் சாலை வழியாகத் திடலை ஒட்டியே போகிறது. அதனால் மாலையில் மேடைக்கு எதிரே புல்லில் உட்கார்ந்திருக்கும்போது முதுகுக்குப் பின்னால் கார்கள் கிழித்துக்கொண்டு போகும். முதல் முறை உடம்பு தூக்கிப் போடும். பத்தாவது முறை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

யார் யார் வருவார்கள்? ராக் ரசிகராக நீங்கள் கவனிக்க வேண்டியது இது: மூன்று நாள் பட்டியலில் ராக் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான். மற்றவை பாப், எலக்ட்ரானிக், கே-பாப், மாண்டரின் பாப். எல்லா வயதினருக்கும் ஒவ்வொன்று வேண்டும் என்று கலந்துதான் போடுகிறார்கள். அப்படியும் ராக் பக்கம் வந்தவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. 2011-இல் லிங்கின் பார்க், அதன் பாடகர் செஸ்டர் பென்னிங்டன் உயிரோடு இருந்த காலம். 2015-இல் பான் ஜோவி. 2016-இல் ஆடம் லாம்பர்ட் பாட, குவீன். 2018-இல் கில்லர்ஸும் லியாம் கேலகரும். 2019-ஐத்தான் நான் சிறந்த ஆண்டு என்பேன், ஒரே வார இறுதியில் மியூஸும் ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸும். 2020, 2021-இல் கொரோனாவால் பந்தயமே இல்லை. 2022-இல் கிரீன் டே, 2023-இல் கிங்ஸ் ஆஃப் லியான், 2024-இல் லென்னி கிராவிட்ஸும் தர்ட்டி செகண்ட்ஸ் டு மார்ஸும், 2025-இல் ஃபூ ஃபைட்டர்ஸும் ஸ்மாஷிங் பம்ப்கின்ஸும். இப்படிப்பட்ட பெயர்களைத் தனிக் கச்சேரியாகப் பார்க்கப் போனால் ஒரு குழுவுக்கே கணிசமான தொகை போகும். அந்தக் கணக்கில் ஜோன் 4 டிக்கெட் மோசமில்லை.

ஒரு சிக்கல், மலிவு விலை டிக்கெட்டுகளை முதலில் விற்றுவிட்டு, கலைஞர் பட்டியலைப் பிறகுதான் தவணை தவணையாக அறிவிப்பார்கள். முன்கூட்டி வாங்குபவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறார். பந்தய ரசிகருக்கு அது பொருட்டில்லை. நீங்கள் காத்திருங்கள். பட்டியல் வந்து, எந்தக் குழு எந்த நாள் என்பதும் தெரிந்த பிறகு அந்த ஒரு நாள் டிக்கெட்டை மட்டும் எடுக்கலாம். வெள்ளிக்கிழமைச் சீட்டு மலிவு. ஞாயிறு விலையும் அதிகம், சீக்கிரம் தீர்ந்தும் போகும். காத்திருப்பதால் தள்ளுபடி போகும், போகட்டும். பிடிக்காத பட்டியலுக்கு மூன்று நாள் காசு கொடுப்பதைவிட அது மேல்.

நாள் தேர்வுதான் இதில் பெரிய முடிவு. யார் எந்த இடத்திலிருந்து புறப்படுவது என்று முடிவாகும் சனிக்கிழமை தகுதிச் சுற்று வழக்கமாக இரவு 9 மணிக்குத் தொடங்கி ஒரு மணி நேரத்தில் முடியும். ஞாயிறு பந்தயம் 8 மணிக்கு. முடிந்து, வெற்றி மேடைச் சடங்கெல்லாம் ஓய்ந்து, முக்கியக் குழு மேடையேறப் பத்தரை ஆகிவிடும். முன்வரிசையில் நிற்க வேண்டும் என்றால் அதற்குச் சில மணி நேரம் முன்பே போய் இடம் பிடிக்க வேண்டும். அதாவது ஞாயிறன்று முன்வரிசை வேண்டும் என்பவர் பந்தயத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். திடலில் பெரிய திரைகள் உண்டு, பந்தயத்தை அதில் பார்க்கலாம். ஆனால் அதற்கு வீட்டிலேயே உட்கார்ந்து பார்த்துவிடலாமே. என் யோசனை: முன்னால் போய் நசுங்குவதைச் சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தகுதிச் சுற்றைத் தவறவிட்டாலும் உங்களுக்கு வருத்தம் இருக்காது. ஞாயிறன்று வேலியோரம் நின்று பந்தயத்தைப் பாருங்கள், முடிந்ததும் நிதானமாகத் திடலுக்கு நடந்து பின்பகுதியில் நில்லுங்கள். ராத்திரி வெளிச்சத்தில் அந்தக் கார்கள் பாலத்தைக் கடக்கும் வேகத்தை ஒரு தடவையாவது கண்ணால் பார்க்க வேண்டும், ஈடுபாடு இல்லாதவரும்கூட.

2026-இல் பந்தயம் அக்டோபர் 9 முதல் 11 வரை, அதுவும் சிங்கப்பூரின் முதல் ஸ்பிரிண்ட் வார இறுதி, அதாவது முக்கியப் பந்தயத்துக்கு முன் ஒரு குறும்பந்தயமும் உண்டு. வெள்ளியும் சனியும் ஓடுதளத்தில் வழக்கத்தைவிட அதிக வேலை இருக்கும் என்பதால், பழைய ஆண்டின் நேரங்களை நம்பித் திட்டம் போடாமல் அந்த வாரத்து அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். மேடைக்கு நேர் முன்னால் தடுப்புப் போட்ட பகுதி ஒன்று இருக்கும். அதற்குள் யாரை, எப்போது, என்ன கணக்கில் விடுவார்கள் என்பதும் மாறக்கூடியது. டிக்கெட் விதிகளில் அந்தப் பத்தியை மட்டுமாவது படியுங்கள்.

கச்சேரி எப்படி இருக்கும் என்று கேட்டால், தனிக் கச்சேரி மாதிரி இருக்காது. ஒரே மேடையை அன்று பல குழுக்கள் பகிர்ந்துகொள்வதால், உலகச் சுற்றுப்பயணத்துக்கென்று அவர்கள் கட்டிய பிரம்மாண்ட மேடை அமைப்பு முழுதாக வராது. வாசிப்பதும் ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான் எதிர்பார்க்கலாம். பாட்டுப் பட்டியலில் எல்லாருக்கும் தெரிந்த பாடல்களே நிறைந்திருக்கும். அந்தக் குழுவின் நான்காவது ஆல்பத்து ஏழாவது பாட்டுக்காகக் காத்திருக்கும் ரகம் நீங்கள் என்றால் ஏமாற்றம்தான்.

கூட்டமும் வேறு மாதிரி. பக்கத்தில் நிற்பவர் ஃபெராரி தொப்பி போட்டுக்கொண்டு, மேடையில் ஆள் வந்த பிறகும் கைப்பேசியில் சுற்று நேரங்களை உருட்டிக்கொண்டிருப்பார். மூன்றாவது பாட்டு வரை எதற்கும் அசையாத அவர், திடீரென்று ஒரு பழைய ஹிட்டின் கிட்டார் ஆரம்பித்ததும் தொப்பியைக் கழற்றி ஆட்டிக்கொண்டு தொண்டை கிழியக் கத்துவார். அவருக்கு இந்தக் குழுவின் பெயர் அப்போதுதான் விளங்கியிருக்கும். இதை எரிச்சலாக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. எனக்கு இது பிடிக்கும். பாடகர்களுக்கும் இப்படிப்பட்ட கூட்டத்தை வசப்படுத்துவது ஒரு சவால். தங்கள் சொந்த ரசிகர்கள் முன்னால் சோம்பலாக வாசிக்கும் குழுக்கள்கூட இங்கே வரிந்து கட்டிக்கொண்டு வாசிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

நல்ல ஒலி வேண்டுமென்றால் முன்வரிசையை மறந்துவிடுங்கள். திடலின் நடுவில், மேடைக்கு நேர் எதிரே ஒரு கூடாரம் இருக்கும். ஒலிப் பொறியாளர் அங்கே உட்கார்ந்துதான் எல்லா வாத்தியங்களையும் சமன் செய்கிறார். அவர் காதுக்கு எது நன்றாக இருக்கிறதோ அதுதான் அன்றைய ஒலி. அந்தக் கூடாரத்தை ஒட்டி நிற்பவருக்கு அது அப்படியே கிடைக்கும். முன்வரிசையில் நிற்பவர் தலைக்கு மேலே முக்கிய ஸ்பீக்கர்களின் ஒலி கடந்து போய்விடும், அவருக்குக் கேட்பதில் பாதி டிரம்ஸும் பேஸும்.

காதடைப்பான் கட்டாயம். 2014-இல் 1.6 லிட்டர் வி6 ஹைப்ரிட் எஞ்சின்கள் வந்த பிறகு கார்களின் சத்தம் முந்தைய வி8 காலத்தைவிட நன்றாகவே குறைந்துவிட்டது என்பது உண்மைதான். ஆனால் மாலை முழுக்க எஞ்சின், அதன் பிறகு ராக் ஸ்பீக்கர், இரண்டும் சேர்ந்தால் காது தாங்காது. பணியிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனமான நியோஷ் சொல்லும் அளவு, 85 டெசிபலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். கச்சேரிகளில் அந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். பஞ்சு மாதிரி இருக்கும் மலிவான அடைப்பான் ஒலியைக் குழப்பிவிடும். இசைக்கென்றே செய்யும் அடைப்பான்கள் எல்லா அலைவரிசையையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும். ஒரு ஜோடி வாங்கிவிட்டால் வருடக்கணக்கில் வரும்.

அப்புறம் வானிலை. பூமத்திய ரேகைக்குப் பக்கம், இரவிலும் புழுக்கம் குறையாது. மழை எப்போது வேண்டுமானாலும் கொட்டும். 2022-இல் மழையால் பந்தயமே ஒரு மணி நேரத்துக்கும் மேல் தாமதமாகத்தான் தொடங்கியது. பந்தயம் தள்ளிப்போனால் கச்சேரியும் தள்ளிப்போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி ரயிலை நிமிடக் கணக்கில் குறிவைக்காதீர்கள். பந்தய நாட்களில் எம்ஆர்டி என்ற மெட்ரோ ரயில் சேவையை நீட்டிப்பது வழக்கம், பாடாங்குக்கு மிக அருகில் சிட்டி ஹால் நிலையம். குடையைவிட மழைக்கோட்டு மேல். குடை விரித்தால் பின்னால் நிற்பவர் ஒரு பாட்டு வரைதான் பொறுப்பார். வெளிச் சாப்பாடு உள்ளே போகாது, உள்ளே விலை கூட. நன்றாகச் சாப்பிட்டுவிட்டே நுழையுங்கள்.

உங்கள் கேள்வியில் சிங்கப்பூர் மட்டும்தான் இருக்கிறது, ஆனால் ராக் ஒன்றே நோக்கம் என்றால் அபுதாபியையும் பாருங்கள். யாஸ் மரினா சர்க்யூட்டில் 2009 முதல் பந்தயம் நடக்கிறது, வழக்கமாக ஆண்டின் கடைசிப் பந்தயம். அங்கேயும் ரேஸ் டிக்கெட் உள்ளவர்களுக்கு மட்டுமே கச்சேரி, அந்தந்த நாள் சீட்டுக்கு அந்தந்த இரவு. வேறுபாடு இடத்தில். கச்சேரிக்கென்றே கட்டிய திறந்தவெளி அரங்கம் யாஸ் தீவிலேயே இருக்கிறது. முன்பு டு அரீனா என்றார்கள், இப்போது எதிஹாட் பார்க். மாலை 5 மணிக்குப் பந்தயம் தொடங்குவதால், அது முடிந்து, மூச்சு வாங்கி, சாப்பிட்டுவிட்டே அரங்கத்துக்குப் போகலாம். பந்தயமா முன்வரிசையா என்ற சிங்கப்பூர்ச் சங்கடம் இங்கே இல்லை. கூடுதல் கட்டணம் கட்டி மேடையருகே நிற்கும் கோல்டன் சர்க்கிள் வசதியும் உண்டு. டிசம்பர் மாதத்து இரவு இதமாக இருக்கும்.

வந்தவர்கள் பட்டியலும் ராக் பக்கம் கொஞ்சம் கூடுதலாகவே சாய்கிறது: 2009-இல் ஏரோஸ்மித், 2011-இல் பால் மெக்கார்ட்னி, 2013-இல் மியூஸும் டெபெஷ் மோடும், 2018-இல் கன்ஸ் அண்ட் ரோஸஸ், 2022-இல் டெஃப் லெப்பர்ட், 2023-இல் ஃபூ ஃபைட்டர்ஸ், 2025-இல் மெட்டாலிகா. தி ஹூ தங்கள் ஐம்பதாம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தை 2014 நவம்பரில் தொடங்கியதே அபுதாபியில்தான். குறை என்றால், சிங்கப்பூரில் கச்சேரி முடிந்து வெளியே வந்தால் நகரத்தின் நடுவில் நிற்பீர்கள். இங்கே தீவிலிருந்து வெளியேறப் பேருந்து வரிசையில் நிற்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவுக்கு இதில் பழைய பெருமை உண்டு. மெல்பர்னில் 2008-இல் கிஸ், 2009-இல் தி ஹூ, பந்தயம் முடிந்த கையோடு வாசித்தார்கள். அதற்கும் முன்னால், 1993 நவம்பர் 7, அடிலெய்ட். பிரேசில் வீரர் அயர்ட்டன் சென்னா அன்று பகலில் பந்தயத்தை வென்றார். இரவு டினா டர்னர் கச்சேரி. அவர் சென்னாவை மேடைக்கு இழுத்து, பக்கத்தில் நிறுத்தி, அவருக்காகவே பாடினார். சென்னா கூச்சத்தோடு சிரித்துக்கொண்டு நிற்கும் காட்சிப் பதிவு இன்னும் இணையத்தில் கிடைக்கிறது, தேடிப் பாருங்கள். அன்று வென்றதுதான் சென்னாவின் 41-ஆவது வெற்றி, கடைசி வெற்றியும்கூட. அடுத்த மே மாதம் இத்தாலியின் இமோலாவில் பந்தய விபத்தில் இறந்துவிட்டார். பந்தயத்தோடு கச்சேரி எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது அந்தப் பதிவைத்தான்.

அமெரிக்காவின் ஆஸ்டினிலும் பெரிய பெயர்கள் வருகின்றன. ஆனால் அங்கே பாப், கன்ட்ரி பக்கம் சாய்வு அதிகம், சர்க்யூட்டும் ஊருக்கு வெளியே. அமெரிக்காவின் இன்னொரு பெரிய கார் பந்தயமான இண்டியானாபோலிஸ் 500-க்கு முந்தைய வெள்ளிக்கிழமை 'கார்ப் டே' என்று ஒரு வழக்கம் உண்டு, கடைசிப் பயிற்சி ஓட்டமும் ராக் கச்சேரியும் ஒரே நாளில். 2016-இல், நூறாவது பந்தயத்தின்போது, ஜர்னி குழுவினர் வாசித்தார்கள். அது ஒரு தனி ரகம், அமெரிக்காவில் அந்த நேரம் இருந்தால் மட்டும் பாருங்கள்.

பந்தயமே இல்லாமல் பந்தயத் தளத்தில் ராக் கேட்கவும் வழி இருக்கிறது. இங்கிலாந்தின் டோனிங்டன் பார்க்கில் 1980 முதல் 1996 வரை மான்ஸ்டர்ஸ் ஆஃப் ராக் நடந்தது, 2003 முதல் டவுன்லோட் விழா நடக்கிறது. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் 1985-இல் தொடங்கிய ராக் ஆம் ரிங் விழா, நடுவில் இரண்டு ஆண்டுகள் வேறிடம் போய்விட்டு 2017-இல் திரும்பியது. மூன்று நாளும் ராக் மட்டுமே வேண்டும், கார் சத்தமே வேண்டாம் என்பவருக்கு இவைதான் சரி. ஆனால் உங்களை அழைப்பவர்கள் பந்தய ரசிகர்கள். அவர்களோடு போக வேண்டும், உங்களுக்கும் ஏதாவது கிடைக்க வேண்டும் என்றால் சிங்கப்பூரைவிட வசதியான ஊர் இல்லை.

ஆகவே நண்பர்களிடம் இப்படிச் சொல்லுங்கள்: அவர்கள் தங்கள் கேலரி இருக்கைகளை இப்போதே எடுத்துக்கொள்ளட்டும், முடிந்தால் ஜோன் 4-க்குள் இருக்கும் பாடாங் கேலரியிலோ ஸ்டாம்ஃபோர்ட் கேலரியிலோ. விமானமும் தங்குமிடமும் சேர்ந்தே போட்டுவிடுங்கள். பந்தய வாரத்தில் மரினா பே பக்கத்து ஹோட்டல்கள் விலையை ஏற்றிவிடும் என்பதால் எம்ஆர்டி வழித்தடத்தில் நாலைந்து நிலையம் தள்ளியே தங்குங்கள். உங்கள் ஜோன் 4 சீட்டை மட்டும் பட்டியல் வந்த பிறகு எடுங்கள். ஒருவேளை அந்த ஆண்டு ஒரு ராக் குழுவும் இல்லாமல் போனால், வெள்ளிக்கிழமைச் சீட்டு ஒன்றோடு நிறுத்திக்கொண்டு மிச்ச இரண்டு மாலையும் ஊரைச் சுற்றுங்கள்.